இலையை அவிக்காமல் அளப்பது

பொபினி வீடுகளில் குளிர் தொடங்கியதும் கறிவேப்பிலைச் சாடியை ஜன்னலோரம் நகர்த்திவிடுகிறோம். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் மார்கழியில், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் அந்த இலை உணவு தயாரிக்கிறதா? எப்படி அறிவது?

பள்ளிப் பரிசோதனை நமக்கு நினைவிருக்கும். இலையைக் கொதிநீரில் அவித்து, மதுசாரத்தில் பச்சையத்தை நீக்கி, அயடீன் விட்டால் மாப்பொருள் கருநீலமாகத் தெரியும். விடை கிடைத்துவிடும், இலையோ செத்துவிடும்.

உயிரோடிருக்கும் இலையை அளக்கவும் வழியுண்டு. இலை உறிஞ்சும் ஒளியில் ஒரு பங்கு ஒளித்தொகுப்புக்குப் போகிறது. ஒரு பங்கு வெப்பமாகிறது. மிகச் சிறிய பங்கு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய செவ்வொளியாக வெளியேறுகிறது. பின்னைய இரண்டையும் அளந்தால் முதலாவதன் போக்கு தெரியும்.

விட்டுவிட்டு விழும் ஒளி பொருட்களில் ஒலியை எழுப்பும் என்பதை 1880இல் கிரகாம் பெல் கண்டறிந்தார். மூடிய சிறு கூட்டில் இலையை வைத்து, வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒளியைத் துண்டு துண்டாகப் பாய்ச்சினால், இலை சூடாகி ஆறும். அருகிலுள்ள காற்றும் அதனுடன் துடிக்கும். அந்தத் துடிப்பை ஒலிவாங்கி கேட்கும். கூடவே பலத்த ஒளியையும் இடைவிடாமல் பாய்ச்சினால் ஒளித்தொகுப்பு தன் எல்லையை எட்டிவிடும். இனிச் சேமிக்க இடமில்லாததால் வெப்பம் கூடும், ஒலியும் கூடும். அந்தக் கூடுதலே, இலை அதுவரை சேமித்துவந்த பங்கு. 1982இல் ஷ்முவேல் மால்கின், டேவிட் காஹென் ஆகியோரின் குழு முழு இலைகளில் இப்படி அளந்து காட்டியது. அவர்கள் பணியாற்றிய வைஸ்மன் நிறுவனம் இருப்பது, ஈசாக்கின் ரெகொபோத் துரவின் பெயரைத் தாங்கிய இஸ்ரவேல் நகரில்.

செவ்வொளியின் கதை இன்னும் வியப்பானது. இருட்டிலிருந்த இலையில் ஒளி பட்டதும் அந்த மினுக்கம் சட்டென உயர்வதையும், ஒளித்தொகுப்பு வேகம் பிடிக்கப் பிடிக்க அது மங்குவதையும் ஜெர்மனியின் ஹான்ஸ் கவுட்ஸ்கி 1931இல் பதிவு செய்தார். இன்று செடியிலிருந்து கிள்ளாமலே, இலையில் சிறு கிளிப்பை மாட்டி இதை அளக்கிறார்கள்.

அதாவது, இலை கூடுதலாக மினுங்கிய அந்த வேளையில் அதன் உழைப்பு இன்னும் தொடங்கவில்லை.

அன்பான வாலிபரே, நாம் மற்றவர்களின் விசுவாசத்தை எதை வைத்து அளக்கிறோம்? லா சப்பலில் வாரம் முழுவதும் கடையில் நின்றுவிட்டு, ஞாயிறு ஆராதனையில் பின்வரிசையில் களைத்து அமரும் அண்ணாவை, "அவருக்கு உற்சாகம் இல்லை" என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! அவருக்குள் ஒளி எதுவாக மாறுகிறது என்பதைக் கர்த்தர் அறிவார். நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: அவரைக் கேள்விகளால் அவிக்காமல், பக்கத்தில் போய் அமர்வது.