பட்டம் போனது, பந்தயம் போகவில்லை!

முன்னால் போகிறவனை முந்த வேண்டும் என்ற வெறியா? வண்டி ஓட்டுவதிலேயே கிடைக்கும் சுகமா? மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களை இழுப்பது எது? விடை தேட ஏற்ற இடம், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள 'ஐல் ஆப் மேன்' என்னும் சின்னத் தீவு.

'டி.டி.' எனப்படும் டூரிஸ்ட் டிராபி பந்தயம் 1907ல் அங்கே தொடங்கியது. தனி மைதானம் கிடையாது. பஸ்ஸும் லாரியும் போகிற சாலையையே அடைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். ஒரு சுற்று சுமார் 60 கிலோமீட்டர். 200க்கு மேல் வளைவுகள். வீட்டுச் சுவரும் விளக்குக் கம்பமும் உரசுகிற தூரத்தில்! 2023ல் ஒருவர் ஒரு சுற்றைச் சராசரியாக மணிக்கு 219 கிலோமீட்டர் வேகத்தில் முடித்தார். பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் ஸ்கூட்டரோடு நிற்பவர்கள் பெருமூச்சு விடலாம்.

இங்கே எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. பத்து வினாடிக்கு ஒருவராகக் கிளம்புகிறார்கள். எதிராளி கண்ணில் படாமலே பந்தயம் முடிந்துவிடலாம். போட்டி கடிகாரத்தோடுதான்.

விலையும் பெரிது. அந்தச் சாலையில் மாண்ட வீரர்கள் 250க்கும் மேல்.

அகஸ்தினி சொன்ன 'போதும்'

இத்தாலிய வீரர் ஜியாகோமோ அகஸ்தினி அங்கே 10 முறை வென்றவர். 1972ல் மழையிலும் மூடுபனியிலும் நடந்த பந்தயத்தில் அவருடைய நண்பர் கில்பெர்ட்டோ பார்லோட்டி இறந்தார். அந்த ஆண்டுக்குப் பின் அகஸ்தினி அந்தத் தீவில் பந்தயம் ஓட்டவே இல்லை. பயந்தவர் என்று சொல்ல முடியாது. வேறு மைதானங்களில் தொடர்ந்து ஓட்டி, மொத்தம் 15 உலகப் பட்டங்களோடுதான் ஓய்வு பெற்றார். வெல்ல வேண்டும்; ஆனால் உயிரோடு வெல்ல வேண்டும். அவர் கணக்கு அது.

மற்றவர்களும் விலகினார்கள். 1976க்குப் பிறகு உலக கிராண்ட் பிரி சாம்பியன் பட்டத்துக்கான பந்தயங்களிலிருந்து டி.டி. நீக்கப்பட்டது. ஆறுதலாக வேறொரு பட்டம் ஏற்படுத்தினார்கள். அதற்கு அந்த மதிப்பு இல்லை. கதை முடிந்தது என்றுதான் தோன்றியது.

முடியவில்லை. 1978ல் மைக் ஹெயில்வுட் வந்தார். 9 முறை உலகச் சாம்பியன். அந்தத் தீவில் பந்தயம் ஓட்டி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. நடுவே கார் பந்தயத்துக்குப் போய்க் காலை முறித்துக்கொண்டவர். 38 வயதில் டுகாட்டி வண்டியில் ஏறி வென்றே காட்டினார்! 1981ல் அவர் உயிரைப் பறித்தது பந்தயம் அல்ல. சாதாரண சாலையில் ஒரு லாரி குறுக்கே திரும்பியதால் நேர்ந்த கார் விபத்து.

ஒரே குடும்பம்

வட அயர்லாந்தின் ஜோயி டன்லப் இன்னொரு ரகம். மதுக்கடை நடத்தியவர். ருமேனியா, போஸ்னியா அனாதை விடுதிகளுக்குத் தாமே வேன் ஓட்டிப்போய் உணவும் துணியும் கொடுத்தவர். 2000 ஜூனில், 48 வயதில், டி.டி.யில் மூன்று பந்தயங்களை வென்றார். மொத்தம் 26. இனி நிரூபிக்க என்ன இருந்தது? அடுத்த மாதமே எஸ்டோனியா நாட்டுக்குப் போய், மழையில் ஒரு 125 சி.சி. பந்தயத்தில் மரத்தில் மோதி மாண்டார்.

அவருடைய தம்பி ராபர்ட் 2008ல் வட அயர்லாந்தில் பந்தயப் பயிற்சியின்போது இறந்தார். இரண்டே நாளில், அதே சாலையில், ராபர்ட்டின் மகன் மைக்கேல் பந்தயம் ஓட்டி ஜெயித்தார்! அது ஓட்டும் ஆசையா, ஜெயிக்கும் ஆசையா, தகப்பனுக்குச் செய்த கடனா? 2018ல் மைக்கேலின் அண்ணன் வில்லியமும் பந்தயச் சாலையிலேயே போனார். மைக்கேல் நிறுத்தவில்லை. 2024ல் பெரியப்பாவின் 26 வெற்றிகளைத் தாண்டினார்.