காலி டின்னே அஞ்சறைப் பெட்டி

சகோதரிகளே, விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் மஞ்சள் தூள் எங்கே, சீரகம் எங்கே என்று தேடியதுண்டா? அதற்காகக் காசு கொடுத்துப் புது டப்பா வாங்க வேண்டியதில்லை.

தீர்ந்துபோன மைலோ டின், ஜாம் போத்தல் முதலியவற்றைக் கழுவி, ஒரு பகல் முழுதும் வெயிலில் காயவையுங்கள். பெயர் எழுதி ஒட்டுங்கள். மிளகாய், மல்லியை முழுதாக வைத்திருந்து, வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள். தூளைவிட அது நாள்பட இருக்கும். கொதிக்கும் சட்டிக்கு மேலே டின்னைச் சாய்த்துக் கொட்டாதீர்கள். ஆவி உள்ளே புகுந்தால் தூள் கட்டிபிடிக்கும். உலர்ந்த கரண்டியால் எடுங்கள். பூஞ்சணம் பிடித்த மிளகாய், நிலக்கடலையை வறுத்தாலும் நஞ்சு முழுதும் நீங்காது, எறிந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த டப்பா எவ்வளவு உறுதியாக இருந்தாலும், எத்தனை முறை கழுவினாலும் சமையலறைக்கு ஆகாது. அந்த மருந்தைச் சோடா போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்கவும் கூடாது. தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். நாம் சிக்கனம் பிடிப்பதே பிள்ளைகளுக்காகத்தானே!