கொடுவா மீனின் முட்டையும் இளங்குஞ்சும்

சந்தையில் 'சியாக்காப்' என்று நாம் கேட்டு வாங்கும் மீனுக்குத் தமிழில் கொடுவா என்று பெயர். நம் தோட்டத்து ஓடைகள் சென்று கலக்கும் ஆறுகளிலும் அது வளர்கிறது. ஆயினும் ஆற்றின் நன்னீரில் அது முட்டையிடுவதில்லை. பருவம் வந்ததும் கழிமுகத்தை நாடிச் செல்கிறது. உப்பு நீரில்தான் அதன் முட்டை பொரிக்கும். அம்முட்டையையும் குஞ்சையும் எவ்வாறு அடையாளம் காண்பது என்பதை இங்குக் காண்போம்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களையொட்டி, பொழுது சாய்ந்தபின் கடல் நீர் ஏறும் வேளையில் கொடுவா முட்டையிடும். பெரிய பெண் மீன் ஒன்று இலட்சக்கணக்கான முட்டைகளை இடக்கூடும். முட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர், அதாவது, கடுகில் பாதியளவே. கண்ணாடிக் குவளையில் கடல் நீரை முகந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், உயிருள்ள முட்டை பளிங்குபோல் தெளிந்து மேலே மிதக்கும். செத்த முட்டை வெளுத்து அடியில் படியும். நுண்ணோக்கியில் நோக்கினால் உள்ளே ஒரே ஓர் எண்ணெய்த் துளி தென்படும்.

இவ்வடையாளங்கள் மட்டும் போதா. வேறு பல கடல் மீன்களின் முட்டைகளும் இதே அளவும் தோற்றமும் உடையவை. ஆதலால் ஆய்வாளர்கள் முட்டையைப் பொரிக்கவிட்டுக் குஞ்சைப் பார்ப்பர். இக்காலத்தில் மரபணுச் சோதனையும் செய்வர்.

வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளுக்குள் முட்டை பொரித்துவிடும். குஞ்சின் நீளம் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். அதன் வயிற்றில் மஞ்சள் கருப்பை தொங்கும். எண்ணெய்த் துளி அப்பையின் முன்புறத்தில் இருப்பதால், குஞ்சு தலை மேலாகச் சாய்ந்தே மிதக்கும். மூன்றாம் நாளளவில் கரு பெரும்பாலும் கரைந்து, வாய் திறந்து, குஞ்சு இரை தேடத் தொடங்கும். பின்னர் அதன் உடல் கருமை கொள்ளும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்த குஞ்சு பழுப்பு நிறமாயிருக்கும். தலையில் வெண்கோடுகள் தெரியும். வெள்ளி நிறம் அதன் பிறகே வரும்.

இவ்வறிவினால் விளைந்த நன்மை பெரிது. 1970-களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் சோங்க்லாவில் கொடுவாவைச் செயற்கை முறையில் பொரிக்கச் செய்தனர். இன்று நம் நாட்டுக் கூண்டுகளிலும் குளங்களிலும் கொடுவா வளர்க்கப்படுகிறது.

மற்றொன்றையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும். கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின்னரே பெண்ணாக மாறுகிறது. சிறியவற்றையெல்லாம் பிடித்துவிட்டால், முட்டையிடத் தாய் மீன் எங்கிருந்து வரும்? ஓடையில் தூபா வேரை நசுக்கிக் கலந்தால், பெரிய மீனோடு குஞ்சும் மடியும். நஞ்சிட்டு மீன் பிடிப்பது சட்டப்படி குற்றமுமாகும்.

ஆகவே, தூண்டிலிலோ வலையிலோ தலையில் வெண்கோடுள்ள சிறு குஞ்சு அகப்பட்டால், அதனை நீரிலேயே விட்டுவிடுவோம். நம் பிள்ளைகளுக்கும் அதனைக் காட்டிக் கொடுப்போம்.