போடிமெட்டு வளைவுகளும் ஆடாத கேமராவும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடியற்காலையில் அதில் ஏறுபவை பெரும்பாலும் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள். விடுமுறை நாள்களில் தலைக்கவசத்தில் கேமரா பொருத்திய இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்களும் சேர்ந்துகொள்கின்றன.

அண்மையில் மெட்டில் ஒரு தேநீர்க் கடையில் நின்றிருந்தபோது, அத்தகைய இளைஞர் ஒருவர் தாம் ஏறிவந்த காட்சியைக் கைப்பேசியில் காட்டினார். "பாருங்க சார், ஒரு ஆட்டம்கூட இல்ல" என்றார். உண்மைதான். அதே வழியில் பேருந்தில் குலுங்கி வந்த எனக்கு, அந்தத் திரையில் தெரிந்த சாலை அடையாளமே தெரியவில்லை.

இந்த ஆடாத காட்சிக்கு முன்னோடி பந்தயக் களம். மோட்டார் சைக்கிளில் கேமராவை இறுக்கிப் பொருத்தினால், வண்டி சாயும்போது அதுவும் சாயும். திரையில் வண்டி நிமிர்ந்தே இருக்க, பூமி சாய்வதுபோல் தெரியும். மோட்டோ ஜிபி பந்தயங்களில் இதற்குக் கண்ட தீர்வு சுழல்காட்டிக் கேமரா. வண்டியின் சாய்வை உணர்கருவி அளக்கும். அதே அளவு எதிர்த்திசையில் கேமரா திருப்பப்படும். தொடுவானம் மட்டமாக நிற்க, வீரர் 60 பாகைக்கும் மேலாகச் சாய்ந்து முழங்கை தரையில் உரசுவது அப்படியே தெரியும். அங்கே கேமரா ஆபத்தைக் காட்டுவதற்காகவே அசையாமல் நிற்கிறது. 2023 செப்டம்பரில் அப்போட்டி நடந்த கிரேட்டர் நொய்டா புத் களத்திலோ, நம் இருங்காட்டுக்கோட்டைக் களத்திலோ எதிரே வண்டி வராது. விழுந்தால் தூக்க மருத்துவக் குழு காத்திருக்கும்.

இளைஞர்கள் வைத்திருக்கும் சிறு கேமராவில் திருப்பும் பொறி கிடையாது. கோப்ரோ நிறுவனம் 2018இல் 'ஹைப்பர்ஸ்மூத்' என்ற பெயரில் பரவலாக்கிய முறை போன்றவற்றில், மென்பொருளே ஒவ்வொரு சட்டகத்தையும் சற்று நகர்த்தி, ஓரங்களை வெட்டிக் குலுக்கலை நீக்குகிறது. குலுக்கல்தான் சாலையின் பள்ளத்தைச் சொல்வது. ஓரத்தில் விரைந்தோடும் தடுப்புச் சுவர்தான் வேகத்தைச் சொல்வது. வெட்டப்படுபவை இவ்விரண்டும். பார்க்கும் பதினெட்டு வயதுப் பையன், மலைச்சாலை இவ்வளவு எளிதா என்று எண்ணினால் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்போம். காட்சிக்குக் கிடைக்கும் விளம்பர வருவாய் ஓட்டுபவருக்கு. வளைவில் எதிர்ப்படும் ஆபத்தில் பாதி, ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெண்களுக்கு. (ஜீப்பில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது தனிக்கதை.)

கேரள மோட்டார் வாகனத் துறை 2022இல் தலைக்கவசக் கேமராவுக்குத் தடை அறிவித்தது. கேமராவைத் தடுப்பதால் வேகம் குறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. விபத்து நேர்ந்தால் நல்ல சாட்சியும் அதுவே. கைவைக்க வேண்டியது வருவாயில். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், முதல் குற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கிறது. பல்லாயிரம் பேர் பார்க்கும் காணொளிக்கு 5,000 ரூபாய் வெறும் தயாரிப்புச் செலவு. குற்றம் உறுதியானால் அக்காணொளியின் விளம்பர வருவாய் முழுவதையும் பறிக்கச் சட்டத்தில் இடம் வேண்டும். இடம், நேரம், பெரும்பாலும் வேகமும்கூட அந்தக் காணொளியிலேயே பதிவாகியிருக்கின்றன.