பக்கத்து அறைக் கணக்கு திறக்க மறுக்கிறதா?

சனிக்கிழமை சாயங்காலம். அருப்புக்கோட்டையில் ஒரு நெசவுக் கூடத்தின் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரக் கூலி வாங்க நெசவாளர்கள் வாசலில் காத்து நிற்கிறார்கள். கூலிக் கணக்கு பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இங்கிருந்து அது திறக்கவில்லை!

அவசரத்துக்கு, கணக்கைப் பென் டிரைவில் எடுத்து வந்து கூலியைக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்த நகலில் எதையும் எழுதக் கூடாது. எழுதினால் கணக்கு இரண்டாகிவிடும். அப்புறம் எது சரி என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

வழியா, கதவா?

திரையில் வந்திருப்பதை முதலில் படியுங்கள். பலர் படிப்பதே இல்லை.

"பாதை இல்லை" என்று வந்தால் பெரும்பாலும் வழியில் கோளாறு. அந்தக் கம்ப்யூட்டர் தூங்குகிறதா? ஒயர் கழன்றிருக்கிறதா? கரண்ட் போய் வந்தால் ரூட்டர் அதற்கு வேறு எண் கொடுத்திருக்கும். பழைய எண்ணைத் தேடினால் கிடைக்குமா? எண்ணுக்குப் பதில் கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.

"அனுமதி இல்லை" என்று வந்தால் வழி சரி. கதவுதான் பூட்டியிருக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தினமும் காலையில் தட்டுகிற நாலு இலக்கப் பின் நம்பர், அந்தக் கம்ப்யூட்டருக்கு நேரே உட்கார்ந்தால்தான் செல்லும். வெளியில் இருந்து வருகிறவர் அதன் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டே வைக்கவில்லையா? அப்படியானால் விண்டோஸ் வெளியாளை உள்ளே விடாது!

இன்னொன்று. பூட்டு இரண்டு. பகிர்வதற்கு ஓர் அனுமதி, ஃபோல்டருக்கு ஓர் அனுமதி. இரண்டில் எது கடுமையோ, அதுவே செல்லும்.

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 பதிப்பு, அலுவலக வகைகளில் பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளியை நிறுத்திவிட்டது. நேற்று வரை திறந்த கணக்கு திடீரென்று நின்றதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பழைய கதவைத் திறக்காதீர்கள்!

"எஸ்.எம்.பி. 1 என்ற பழைய முறையை மறுபடி போடு, எல்லாம் ஓடும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஓடும். திருடனும் ஓடி வருவான்!

2017 மே 12. 'வான்னா க்ரை' என்ற நாச நிரல் அந்த முறையில் இருந்த ஓட்டை வழியே புகுந்தது. பைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சென்னை அருகே ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும் தப்பவில்லை.

ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த மார்ச் 14-ந் தேதியே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். 2017 அக்டோபரில் இருந்து புதிய விண்டோசில் அந்தப் பழைய முறை தானாக வருவதில்லை.

பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்ததை ஃபோல்டருக்கு அனுப்ப மறுக்கிறதா? அதற்கு அந்தப் பழைய முறை மட்டுமே தெரிந்திருக்கலாம். அதற்காக ஆபீஸ் முழுவதையும் திறந்து போட வேண்டாம். பென் டிரைவில் எடுக்க வசதி இருந்தால் அதுவே போதும்.