நாம் நியமிக்கும் நடுவர் நமக்காகப் பேசுவாரா?

திருப்பூரில் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புபவரின் ஒப்பந்தத்தில், கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கக்கூடும்: 'தகராறு வந்தால் லண்டனில் ஆர்பிட்ரேஷன்.' சரக்குக்குப் பணம் வராதபோதுதான் அந்த வரி கண்ணில் படும். சந்தேகங்களும் அப்போதுதான் கிளம்பும்.

இது கோர்ட்டா, பஞ்சாயத்தா?

இரண்டும் இல்லை. இரு தரப்பும் சம்மதித்து அமைத்துக்கொள்ளும் தனியார் நடுவர் மன்றம் இது. சமரசம் பேச மாட்டார்கள். சாட்சியமும் வாதமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். 1958-ம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையை 170-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருப்பதால், லண்டனில் சொன்ன தீர்ப்பை வைத்துச் சென்னையிலும் பணம் வசூலிக்க வழியுண்டு.

கட்டணம் தந்து நியமித்தவர் பக்கம்தானே நடுவர் சாய்வார்?

நியாயமான சந்தேகம். மூவர் மன்றம் என்றால் பொதுவாக ஆளுக்கு ஒருவரை நியமிப்பார்கள். ஆனால், நீங்கள் நியமித்தவர் உங்கள் வக்கீல் அல்ல. வழக்கைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசக்கூடாது. கட்சிக்காரர்களோடு தனக்குள்ள தொடர்புகளை அவரே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

சொல்லாமல் விட்டால்? 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடித்தது. அதையொட்டி ஹாலிபர்ட்டன் நிறுவனமும் சப் காப்பீட்டு நிறுவனமும் மோதிக்கொண்டன. அதே விபத்து தொடர்பான வேறொரு வழக்கிலும் சப் தன்னை நியமித்ததை, நடுவர் மன்றத் தலைவர் ஹாலிபர்ட்டனிடம் தெரிவிக்கவில்லை. தெரிவிப்பது சட்டக் கடமை என்று 2020-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அவர் ஒருதலைப்பட்சமானவர் என்று கருத இடமில்லை எனப் பதவியில் விட்டுவைத்தது. தோற்றவருக்கு அது ஆறுதல் தந்திருக்காது. எனக்கு அந்தத் தீர்ப்பின் முதல் பாதிதான் பெரிதாகப் படுகிறது.

நல்ல சட்ட நிறுவனத்தை விட்டுவிட்டுச் சில நடுவர்கள் தனியாகத் தொழில் செய்வது ஏன்?

எந்தத் தரப்போடும் தொடர்பில்லாமல் இருக்கும் சுதந்திரம்தான் காரணம். நூற்றுக்கணக்கான வக்கீல்கள் உள்ள நிறுவனத்தில், வேறு நாட்டுக் கிளையில் யாரோ ஒருவர் வழக்கில் உள்ள ஒரு கட்சிக்காரரின் தாய் நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லியிருந்தால் போதும், நடுவர் பொறுப்பு கைநழுவலாம். தனி ஆளுக்கு அந்தச் சிக்கல் குறைவு. பதிலுக்கு உதவியாளர் படையும் மாதச் சம்பளமும் போய்விடும். பெயர் கிடைக்கும்வரை நியமனங்களும் அரிது.

தீர்ப்பு தப்பானால் அப்பீல் உண்டா?

பெரும்பாலும் கிடையாது. நடைமுறைக் கோளாறு, மோசடி போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே கோர்ட் தலையிடும். பி அண்ட் ஐடி என்ற நிறுவனத்துக்கு நைஜீரியா 660 கோடி டாலர் தர வேண்டும் என்று 2017-ல் தீர்ப்பானது. வட்டியோடு அது 1,100 கோடியைத் தாண்டியது. அந்த நிறுவனம் நைஜீரிய அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்ததும், பொய்ச் சாட்சியம் சொன்னதும் அம்பலமாகி, 2023-ல் லண்டன் உயர் நீதிமன்றம் மோசடி நடந்ததாகத் தீர்ப்பளித்தது. ஒரு நாட்டின் கஜானா தப்பியது, கோர்ட் வாசல் கொஞ்சமாவது திறந்திருந்ததால்.

அப்படியானால் ஏற்றுமதியாளர் எதைக் கவனிக்க வேண்டும்?

எந்த ஊர், எந்த நாட்டுச் சட்டம், எத்தனை நடுவர், அவர்களை நியமிப்பது யார் என்ற நான்கையும் கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். சிறிய தொகைக்கு மூவர் மன்றம் வேண்டாம். செலவு வழக்கையே தின்றுவிடும்.