வெல்டிங் ஒளியும் கண்களும்

பகலில் இரும்புக் கேற் ஒன்றுக்கு வெல்டிங் செய்துவிட்டு வீடு திரும்பும் இளைஞன், நள்ளிரவில் கண்களைத் திறக்கவியலாமல் துடித்தெழுவது எமது பட்டறைகளில் புதுமையான விடயமன்று. கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போன்ற உறுத்தல், ஓயாத நீர்வடிதல், விளக்கொளியைக்கூடச் சகிக்க இயலாத கூச்சம். வேலை நடைபெறும்போது இவற்றில் எதுவும் தெரிவதில்லை என்பதே இதிலுள்ள ஆபத்தாகும்.

வெல்டிங் சுடரிலிருந்து வெளிப்படும் ஊதாக்கடந்த கதிர்கள் கண்ணுக்குப் புலப்படாதவை. விழிவெண்படலத்தின் மேற்படையிலுள்ள கலங்கள் அவற்றை உறிஞ்சிப் பாதிப்படைகின்றன. அக்கலங்கள் உதிர்வதற்குச் சில மணித்தியாலங்கள் செல்வதனால், வலி பெரும்பாலும் 6 முதல் 12 மணித்தியாலங்களின் பின்னரே தலைகாட்டுகின்றது. அருகில் நிற்பவருக்குச் சில வினாடிப் பார்வையே போதுமானது.

ஓரிரு நாட்களில் இவ்வலி தானாகவே தணிந்துவிடுவதனால் தொழிலாளர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், அதே சுடரின் கடும் ஒளி விழித்திரையையும் காயப்படுத்தவல்லது. அது தானாக ஆறிவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வெல்டிங்கின் ஊதாக்கடந்த கதிர்வீச்சினை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் காரணியென, கண் புற்றுநோய் தொடர்பான சான்றுகளின் அடிப்படையில், சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2017 ஆம் ஆண்டில் வகைப்படுத்தியமையையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

வலிக்குத் தாய்ப்பால் விடுவோரும் உளர். கிருமித்தொற்றுக்கு அது வழிவகுக்கக்கூடும். அதனிலும் கொடியது, கண்ணை மரத்துப்போகச் செய்யும் துளிமருந்தினை எங்கேனும் பெற்றுத் தாமாகவே திரும்பத் திரும்ப விட்டுக்கொள்வது. வலி மறையும், விழிவெண்படலமோ ஆறாது புண்ணாகும். கண்ணைக் கசக்காது வைத்தியரை நாடுவதே முறை.

வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி வெல்டிங்குக்கு எவ்விதத்திலும் ஈடாகாது. வழமையான மின்வெல்டிங்குக்கு 10 முதல் 13 வரையான இலக்கமுடைய கண்ணாடி பொருத்திய முகக்கவசம் வேண்டும். வாயு வெல்டிங்குக்கு 4 முதல் 8 வரை போதுமானது. அதனை மின்வெல்டிங்குக்கு அணிதல் கூடாது. கசடு தட்டும்போதும் கிறைண்டர் பிடிக்கும்போதும் முகக்கவசத்தை உயர்த்திவிடுவது பலரது வழக்கம். இரும்புத் துகள் கண்ணில் தைப்பது பெரும்பாலும் அவ்வேளையிலேயே. ஆகவே, உள்ளே தெளிந்த பாதுகாப்புக் கண்ணாடியொன்றும் அவசியம்.

பல பட்டறைகளில் முகக்கவசம் ஒன்றே ஒன்றுதான், அது மேத்திரியாருக்குரியது. இரும்பைப் பிடித்து நிற்கும் பையனுக்கோ "கண்ணை மூடிக்கொள்" என்பதே கவசம். இரும்பு அசையாதிருக்க அவன் பார்த்துத்தானே ஆகவேண்டும்! முதலாளிமார் இன்னுமொரு கவசத்தை வாங்குவதும், வீதிப்பக்கமாக ஒளி ஊடுருவாத திரையொன்றைத் தொங்கவிடுவதும் பெருஞ்செலவான காரியங்களல்ல. பாடசாலை விட்டு வரும் சிறுவர் நின்று வேடிக்கை பார்ப்பதும் இப்பட்டறை வாசல்களில்தான்.